கற்பாதையின் இடுக்குகளில் நிலமூடிப் பூண்டுகளை வளர்த்தல்

கமக்காரனுடைய நாள் பாதையிலேயே தொடங்குகிறது. வீட்டு வாயிலிலிருந்து கிணற்றடிக்கும், கிணற்றடியிலிருந்து தோட்டத்திற்கும், தோட்டத்திலிருந்து மாட்டுக்கொட்டிலுக்கும் அவனும் அவன் குடும்பத்தினரும் நாளொன்றுக்குப் பலமுறை நடக்கின்றனர். தண்ணீர்க் குடமும், எருக் கடகமும், கத்தரிக்காய் மூட்டையும் இப்பாதை வழியாகவே செல்கின்றன. ஆயினும் பாத்திக்கும் வரம்பிற்கும் செலுத்தப்படும் கவனத்தில் நூறிலொரு பங்கேனும் பாதைக்குச் செலுத்தப்படுவதில்லை. கோடையிற் புழுதியாகவும் மாரியிற் சேறாகவும் அது கிடக்கிறது. பலர் நடந்து இறுகிய மண்ணில் மழைநீர் உட்புகாது. அது பாதை வழியே ஓடி, அயலிலுள்ள பாத்தியின் மேன்மண்ணையும் அரித்துக்கொண்டு செல்கிறது. விடியற்காலையிற் குடத்துடன் நடக்கும் பெண்களும் முதியோரும் வழுக்கி விழுந்து எலும்பு முறிவதும் இதனாலேயே.

இக்குறையைப் போக்கக் கல் பாவுதல் பழைய வழக்கமாகும். ஆனால் வெறுமனே கல்லை மாத்திரம் பாவினால், ஓரிரு மாரிகளுக்குள் கற்களின் இடுக்கிலுள்ள மண் கரைந்து, கல் ஆடத் தொடங்கும். அவ்விடுக்குகளில் நெருஞ்சியும் தொட்டாற்சுருங்கியும் கோரையும் முளைக்கும். இடுக்குகளைச் சீமெந்தினால் அடைத்தால் மழைநீர் நிலத்துட் செல்லாது ஓடி, வேறோரிடத்தை அரிக்கும். இவ்விரண்டிற்கும் நடுவான வழி, இடுக்குகளிலே தரையோடு ஒட்டிப் படரும் பூண்டுகளைத் தெரிந்து நடுவதாகும். அவற்றின் வேர் மண்ணைப் பிடிக்கும். இலை மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கும். களைக்கு இடமில்லாமற் போகும். நீரும் மெல்ல மெல்ல நிலத்துட் புகும்.

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவுமில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் இது சிறப்பாகக் கருதத்தக்கது. அங்கு மக்கள் குடிப்பதும் பயிருக்கு இறைப்பதும் சுண்ணாம்புக்கற் படையிலே தங்கியுள்ள மழைநீரையேயாகும். வளவில் விழும் மழை வளவிலேயே ஊறினால் அது கிணற்றுக்குச் சேரும் முதலாகும். ஒழுங்கையில் ஓடினால் அது நட்டமாகும். ஒரு பாதையினால் ஊறும் நீர் சிறிதே என்பது உண்மை. எனினும் வளவுதோறும் அச்சிறிது சேர்க்கப்படுமாயின் ஊருக்கு அது பயன்தரும்.

எங்கு நடலாம், எங்கு நடலாகாது

வீட்டு முற்றம், தோட்டத்தின் நடுப்பாதை, கொட்டிலுக்குச் செல்லும் வழி, நாற்றுமேடையைச் சுற்றிய நடைபாதை என்பன இம்முறைக்கு ஏற்ற இடங்கள்.

கிணற்றுக் கட்டைச் சூழ்ந்த மேடையில் இதனை ஒருபோதும் செய்யலாகாது. குளித்த நீரும் துணி தோய்த்த நீரும் மீண்டும் கிணற்றுட் கசியாதபடி தடுப்பதே அம்மேடையின் வேலை. அங்கு இடுக்கு வைத்தாற் சவர்க்கார நீரும் அழுக்கும் நேரே கிணற்றுட் சேரும். சுண்ணாம்புக்கற் பிரதேசத்தில் வெடிப்புகள் வழியாக நீர் விரைந்து செல்லும் ஆகையால் இவ்வாபத்து மேலும் அதிகம். இரசாயனப் பசளையினாலும் மலக்குழிக் கசிவினாலும் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்நிலையிற் கிணற்றடியிற் புதிதாக ஒரு வழியைத் திறந்து விடுவது அறிவுடைமையாகாது. மேடை முழுவதும் வெடிப்பின்றிச் சீமெந்து பூசப்பட்டிருத்தல் வேண்டும். அதிலிருந்து வழியும் நீர் ஒரு வாய்க்கால் மூலம் தூரத்திலுள்ள வாழைக்கோ தென்னைக்கோ செல்லல் வேண்டும். பூண்டு வளர்க்கும் கற்பாதை மேடைக்கு வெளியிலேயே தொடங்குக.

உழவு இயந்திரமோ வண்டியோ செல்லும் பாதைக்கும் இம்முறை ஏற்றதன்று. சில்லின் பாரத்தினாற் கல் அமிழ்ந்து, இடுக்கிலுள்ள செடியின் வேர் அறுந்துவிடும்.

கல் பாவுதல்

பூண்டு செழிப்பதும் அழிவதும் பெரும்பாலும் கல் பாவும் முறையிலேயே தங்கியுள்ளது. ஆடும் கல்லினருகே எச்செடியும் வாழாது. ஒவ்வொரு மிதியிலும் கல் அசைய, புதிதாக விட்ட மெல்லிய வேர் அறுபடும். கமக்காரன் செடியைக் குறைகூறுவான், குற்றமோ கல்லினுடையது.

யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களில், திருநெல்வேலி, உரும்பிராய், சுன்னாகம் முதலிய இடங்களில், நிலத்தைக் கொத்தும்பொழுது சுண்ணாம்புக் கற்கள் கிளம்புவதுண்டு. இவற்றுள் ஒரு பக்கமேனும் தட்டையானவற்றைத் தெரிந்து ஒதுக்கி வைக்கலாம். மலைநாட்டிலும் கிழக்கிலும் கருங்கல் கிடைக்கும். கல் இரண்டு அங்குலத்திற்குக் குறையாத தடிப்பும், ஒரு பாதம் முழுவதும் பதியத்தக்க அகலமும் உடையதாயிருத்தல் வேண்டும். அழுத்தமாக மினுக்கப்பட்ட கல் மழையில் வழுக்கும், அதனைத் தவிர்க்க.

முதலிற் பாதையின் இரு பக்கமும் ஆப்பு அறைந்து கயிறு கட்டுக. அலவாங்கினாலும் மண்வெட்டியினாலும் ஆறு அங்குல ஆழத்திற்கு மண்ணை அகற்றுக. அதிலுள்ள கோரைக் கிழங்கையும் அறுகின் தண்டையும் பொறுக்கி எடுத்தல் மிக அவசியம். இன்று எஞ்சிய ஒரு கிழங்கு நாளை ஒரு கூட்டமாகும். கல்லின் கீழிருந்து அதனைப் பின்னர் எடுக்க முடியாது. அடித்தளத்தை நனைத்து இடித்து இறுக்குக. அதன்மேற் கிறவலும் பருமணலும் கலந்து இரண்டரை அங்குலம் பரப்பி மீண்டும் இறுக்குக. பாதையின் குறுக்கே அடிக்குக் கால் அங்குலம் சரிவு வைத்தாற் பெருமழையின் நீர் தேங்காது ஒரு பக்கமாக வடியும். அச்சரிவு வீட்டுச் சுவரை நோக்கியோ கிணற்றை நோக்கியோ இருத்தலாகாது.

கல்லை வைத்தபின் அதன் நான்கு மூலையிலும் ஏறி நின்று பார்க்க. சிறிதளவேனும் ஆடினால் எடுத்து, மணலைத் திருத்தி, மீண்டும் வைக்க. கற்களுக்கிடையே ஒன்றரை முதல் மூன்று அங்குலம் வரை இடைவெளி விடுதல் வேண்டும். ஒரு அங்குலத்திற்குக் குறைந்த இடுக்கில் மண் விரைவிற் காய்ந்து செடி மடியும். மூன்று அங்குலத்திற்கு மேற்பட்டாற் கால் தடுக்கும்.

இடுக்கில் இடும் மண்

இடுக்கிற் பத்தி மண்ணை அப்படியே அள்ளிப் போடுவது பலர் செய்யும் பிழை. அம்மண்ணிற் களை விதை மிகுதி. வடபகுதியிற் பரவிவிட்ட பார்த்தீனியம் இவ்வாறே ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு வளவிற்குச் செல்கிறது. அன்றியும், மரக்கறி பயிரிட்ட மண்ணில் வேர்முடிச்சு வட்டப்புழுக்கள் இருக்கலாம். அவற்றை நாற்றுமேடையருகே கொண்டு சேர்த்தல் கூடாது.

பருமணல் இரண்டு பங்கு, கீழ்மண் ஒரு பங்கு, நன்றாக உக்கிய எரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு என்ற அளவிற் கலந்த மண் பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்தும். மணல் மிதியினால் மண் இறுகுவதைத் தடுக்கும். எரு ஈரத்தைப் பிடித்து வைக்கும். கடல் மணலைப் பாவிப்பவர்கள் உப்பு நீங்கும்வரை பல மழைகளில் அது நனையவிட்ட பின்னரே பாவித்தல் வேண்டும். எரு உக்காததாயின் அதனுள் இருக்கும் விதைகள் யாவும் முளைத்துவிடும்.

கோடை காலத்திற் கலவையைச் சற்று நனைத்து, மூன்று நான்கு அங்குலத் தடிப்பிற் பரப்பி, ஒளி புகும் பொலித்தீன் தாளினால் மூடி, ஓரங்களை மண்ணால் அடைத்து, நான்கு முதல் ஆறு கிழமை வெயிலில் விட்டாற் பெரும்பாலான களை விதைகள் வெப்பத்தினால் அழியும். கோரைக் கிழங்கு இதற்கு எளிதில் அடங்காது. அதனைக் கையினாற் பொறுக்கியே ஆகவேண்டும்.

மண்ணை இடுக்கினுள் இட்டு ஒரு தடியினாற் குத்தி நிரப்புக. நீர் தெளித்தபின் அது தாழும்; மீண்டும் நிரப்புக. இறுதியில் மண் மட்டம் கல்லின் மேற்பரப்பிற்கு அரை அங்குலம் கீழே நிற்றல் வேண்டும். இந்த அரை அங்குலமே செடியின் உயிர்காப்பு. மிதிப்பவரின் பாரத்தைக் கல் தாங்கும். செடியின் குருத்து தாழ்விலே தப்பியிருக்கும்.

ஒரு கணக்கு

முப்பது அடி நீளமும் இரண்டடி அகலமுமுள்ள பாதையின் பரப்பு அறுபது சதுர அடி. அதில் ஆறிலொரு பங்கு, அதாவது 10 சதுர அடி, இடுக்கு என்று கொள்வோம். நான்கு அங்குல ஆழத்திற்கு நிரப்ப மூன்றேகால் கன அடிக்குச் சிறிது மேற்பட்ட கலவை வேண்டும். தாழ்வதற்கும் சேர்த்து 4 கன அடி தயார் செய்தல் நன்று. இடுக்கு இரண்டங்குல அகலமாயின் அதன் மொத்த நீளம் 60 அடியாகும். ஆறங்குலத்திற்கு ஒன்றாக 120 துண்டங்கள் நடவேண்டும். பட்டுப்போவனவற்றிற்கு ஈடாக முப்பது சேர்த்து 150 துண்டங்களை வைத்திருக்க. இவற்றை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. குளக்கட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் கிடைக்கும் ஒரு கைப்பிடிக் கொடியைக் கொணர்ந்து ஒரு சிறு மேடையில் வளர்த்தால் இரண்டு மூன்று மாதங்களில் இத்தொகை கிடைத்துவிடும்.

பூண்டைத் தெரிந்தெடுத்தல்

வெயில், ஈரம், மிதி ஆகிய மூன்றையும் நோக்கியே பூண்டைத் தெரிதல் வேண்டும். எல்லா இடத்திற்கும் ஏற்ற ஒரு பூண்டு இல்லை.

பொடுதலை: வரண்ட பிரதேசத்து வெயிற் பாதைக்கு இதுவே முதலிடம் பெறத்தக்கது. கணுதோறும் வேர்விட்டுத் தரையோடு படரும். ஓரளவு உவரையும், மாரியில் நீர் தேங்குதலையும், கோடை வரட்சியையும் தாங்கும். சுண்ணாம்பு கலந்த மண்ணிலும் வளரும். இதன் சிறு பூக்களைத் தேடித் தேனீக்கள் வரும். பூசணி, பாகல், பீர்க்கு முதலியவற்றை வளர்ப்போருக்கு இது இலாபமே. ஆனால் வெறுங்காலுடன் நடக்கும் சிறுவர்களைத் தேனீ கொட்டாதபடி, பிள்ளைகள் ஓடித்திரியும் முற்றத்திற் பூவை அவ்வப்போது கிள்ளிவிடுதல் நன்று.

சிறுபுள்ளடி: மிகச் சிறிய மூவிலைகளையுடைய அவரைக் குடும்பப் பூண்டு. புல் வெட்டப்பட்ட வெளிகளில் எங்கும் காணப்படும். வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்களின் உதவியால் வளியிலுள்ள நைதரசனைப் பெறுவதால் மெலிந்த மண்ணிலும் வாழும். மிதியை நன்கு தாங்கும். பொடுதலையுடன் கலந்தும் நடலாம்.

வல்லாரை: மாமர நிழல், வாழையடி முதலிய ஈரமும் நிழலும் உள்ள இடங்களுக்கு ஏற்றது. அடிக்கடி மிதிக்கப்படும் நடுப்பாதையில் இது நிலைக்காது. ஓரக் கற்களின் இடுக்கில் நிலைக்கும். சம்பலுக்கென இதனைப் பறிப்பவர்கள், பாதையிற் பறிக்காது வேறு பாத்தியிற் பறித்தல் வேண்டும். நாயும் எலியும் நடமாடும் இடத்து இலை உணவிற்கு உகந்ததன்று.

நீர்ப்பிரமி: என்றும் ஈரமாயிருக்கும் வாய்க்காலோரக் கற்களுக்கு ஏற்றது. சிறிது உவர்நீரையும் பொறுக்கும். நீர் வற்றினால் விரைவிற் கருகும்.

சிறுபசளை: சுடுகல்லின் நடுவே, நீர் ஊற்ற முடியாத இடுக்கில் இது வாழும். மிதித்தால் ஒடியும், ஒடிந்த துண்டும் வேர்விடும். ஆனால் மாரியில் அழுகும்.

கச்சான் இனத்தைச் சேர்ந்த, மஞ்சட் பூப் பூத்துப் படரும் கொடியொன்று இப்பொழுது பல இடங்களில் நிலமூடியாக வளர்க்கப்படுகிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இதுவும் நைதரசனைச் சேர்க்கும். எனினும் அது உயர்ந்து வளர்வதால் ஒடுங்கிய இடுக்கிற்கு ஆகாது. பாதையின் ஓரத்தை மூடுவதற்கே நன்று.

ஈரவலயத்துப் புளித்தன்மையான மண்ணிலும் அரை நிழலிலும், தட்டையான அகன்ற இலைகளுடன் தரையிற் பரவும் புல்லினம் எளிதில் வளரும். அவ்விடங்களில் அயலிற் கிடைக்கும் அப்புல்லையே பெயர்த்து நடலாம்.

அறுகைப் பற்றி ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். மிதியைத் தாங்குவதிலும் மண்ணைப் பிடிப்பதிலும் அறுகிற்கு ஈடில்லை. ஆனால் அதன் தண்டு நிலத்தின் கீழாலும் மேலாலும் ஓடி, வெங்காயப் பாத்தியினுள்ளும் மிளகாய்ப் பாத்தியினுள்ளும் புகுந்தால் அதனை ஒழிப்பதற்கு ஒரு போகக் கூலி செலவாகும். மரக்கறித் தோட்டத்தினருகே அறுகை நடலாகாது. அவ்வாறே, மஞ்சட் பூவுடன் அழகாகப் படரும் சிங்கப்பூர் டெய்சி எனப்படும் கொடியையும் தவிர்த்தல் வேண்டும். அது வாய்க்கால்களையும் ஈரநிலங்களையும் மூடிப் பரவும் ஆக்கிரமிப்புத் தாவரமாகும்.

நடுகை

பருவமறிந்து நடுவது பாதி வெற்றி. வடக்கிலும் கிழக்கிலும் பெருமழை ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலே கொட்டும். மழை கொட்டும்பொழுது நட்டால் துண்டமும் மண்ணும் சேர்ந்தே அடித்துச் செல்லப்படும். ஆகையாற் புரட்டாதிப் பிற்பகுதியில், நீர் ஊற்றக்கூடியவர்கள் நட்டுவிடுதல் வேண்டும். பெருமழை வருமுன் வேர் பிடித்துவிடும். அது தவறினால், பெருமழை ஓய்ந்த மார்கழிப் பிற்பகுதியில் நடலாம். அப்பொழுது நிலம் ஈரமாயிருக்கும், பனியும் துணைசெய்யும். ஆனால் மாசி தொடக்கம் நீர் ஊற்றும் பொறுப்பு கமக்காரனைச் சாரும். பங்குனி வெயிலில் நடுவது வீண்முயற்சி.

தாய்க்கொடியை மாலையில் வெட்டுக. மூன்று நான்கு அங்குல நீளமும் மூன்று கணுக்களும் உள்ள துண்டங்களே நல்லன. நுனிக் குருத்து வாடும்; அடித்தண்டு வேர்விடத் தாமதிக்கும்; நடுப்பகுதியே சிறந்தது. கீழ் இரு கணுக்களின் இலைகளைக் கிள்ளுக. சத்தகத்தினாலோ கூரிய தடியினாலோ மண்ணைத் திறந்து, அவ்விரு கணுக்களும் மண்ணுட் படியும்படி சாய்வாக வைத்து, விரலால் இறுக அழுத்துக. இழுத்துப் பார்த்தால் எளிதில் வராதிருத்தல் வேண்டும். கல்லோடு ஒட்டி நடாது இடுக்கின் நடுவில் நடுக. பகலிற் கல் சூடேறித் தண்டை வாட்டும் ஆகையால் இது கவனிக்கத்தக்கது. நட்டவுடன் சிறுதுளைப் பூவாளியினால் மெல்லத் தெளிக்க. வாளியினால் அள்ளி ஊற்றினால் மண் கரைந்து கல்லின் மேற் படியும்.

முதல் எட்டுக் கிழமை

முதற் பத்து நாளும் மழையில்லாவிடில் நாடோறும் மாலையில் நீர் தெளிக்க. அடுத்த இரு கிழமை ஒன்றுவிட்டொரு நாள் போதும். பின்னர் மண் காய்வதை நோக்கி ஊற்றுக. துண்டங்கள் பெரும்பாலும் இரு கிழமைக்குள் வேர்பிடித்துப் புதுத் தளிர் காட்டும். மூன்றாங் கிழமையிற் பட்டுப்போனவற்றை அகற்றி, எஞ்சிய துண்டங்களால் வெற்றிடத்தை நிரப்புக.

ஆறு முதல் எட்டுக் கிழமை வரை இடுக்குகளை மிதியாது காத்தல் வேண்டும். கிணற்றுக்குச் செல்லும் வழியை இத்தனை நாள் அடைத்து வைக்க முடியாது என்பது உண்மையே. பாதையைப் பாதி பாதியாகச் செய்வது ஒரு வழி. கற்களின்மேற் பலகையை நீளப்பாட்டில் வைத்து நடப்பது இன்னொரு வழி. ஆனால் அப்பலகை ஒரே இடத்திற் கிடந்தாற் கீழுள்ள செடி வெளிறும். ஆகவே இரவில் அதனை எடுத்துவிடுக.

கோழியே இக்காலத்தின் பெரிய பகை. புதிதாக எருவிட்ட மண்ணைக் கண்டால் அது கிளறாமல் விடாது. பழைய மீன்வலையை விரித்து ஆங்காங்கு கல் வைத்தால் இத்தொல்லை நீங்கும்.

களையும் பராமரிப்பும்

களையைச் சிறிதாயிருக்கும்போதே, நீர் தெளித்து மண் இளகியவுடன், கையினாற் பிடுங்குக. நீண்ட வேருடையதைச் சத்தகத்தின் முனையினால் நெம்பி எடுக்க. உழவாரத்தை இடுக்கில் ஓட்டினாற் களையோடு பயிரும் போகும். பார்த்தீனியத்தைப் பூக்குமுன் வேருடன் அகற்றுக. அதைத் தொட்டாற் சிலருக்குத் தோலில் அரிப்பும் புண்ணும் ஏற்படும் ஆகையாற் கையுறையோ பொலித்தீன் உறையோ அணிதல் வேண்டும். முதலாண்டிற் கிழமைக்கு ஒருமுறை கால் மணி நேரம் களைக்குச் செலவிட்டால், இரண்டாம் ஆண்டிற் பூண்டே களையை அடக்கும்.

களை நாசினியைக் கற்பாதையிற் தெளித்தல் பிழையாகும். அது நட்ட பூண்டையும் கொல்லும். கிணற்றினருகாயின் நீரிலும் சேரக்கூடும். சிலர் உப்பைத் தூவுவர். உப்பு களையைக் கொல்வது மெய்யே; ஆனால் அது மழையுடன் பாத்திக்குச் சென்று பயிரையும் வாட்டும்.

ஆண்டிற்கொருமுறை மழைத் தொடக்கத்தில், அரித்தெடுத்த கூட்டெருவை இடுக்குகளில் மெல்லியதாகத் தூவித் துடைப்பத்தினாற் கூட்டிவிட்டாற் போதும். யூரியாவைத் தூவுவதால் இலை கருகுவதோடு, செடி உயர்ந்து மெலிந்து வளர்ந்து மிதிக்கு ஆற்றாது போகும். கல்லின்மேற் படரும் கொடியை மாதமொருமுறை வெட்டிவிடுக. ஈர இலையின்மேற் கால் வைத்தாற் பாசியைப் போலவே வழுக்கும். வழுக்காத பாதைக்காக எடுத்த முயற்சி வழுக்குவதற்கே காரணமாகக் கூடாது.

பாத்திப் பக்கத்திற் பாதையோரமாக மண்வெட்டியால் நான்கங்குல ஆழத்திற்கு ஒரு கோடு வெட்டி, மாதந்தோறும் அதைப் புதுப்பித்தாற் கொடி பாத்தியுட் செல்லாது. நாற்றுமேடையருகே பூண்டு தடித்து வளர்ந்தால் நத்தையும் ஓடில்லா நத்தையும் பகலில் அதனுள் ஒளித்திருந்து இரவில் நாற்றைத் தின்னும். அங்கு மிகக் குட்டையாக வெட்டி வைக்க.

மலைநாட்டுச் சரிவுகளில்

நுவரெலியா, வெலிமடை முதலிய இடங்களில் மரக்கறி செய்வோர்க்குப் பாதை இன்னும் பெரிய விடயமாகும். சரிவில் நேராக மேலிருந்து கீழ் இறங்கும் ஒற்றையடிப் பாதை சில மாரிகளிற் கானாக மாறிவிடுகிறது. மேற்பாத்தியின் மண்ணும் அதிலிட்ட பசளையும் அக்கான் வழியே கீழே செல்கின்றன. மலைச்சரிவு நிலங்களின் மண்ணரிப்பைத் தடுப்பதற்கென்றே 1951ஆம் ஆண்டில் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1996ஆம் ஆண்டில் அது திருத்தப்பட்டது. ஆயினும் சட்டத்தினால் மாத்திரம் மண் நில்லாது, வேரினாலேயே நிற்கும்.

இங்கு பாதையைச் சரிவிற்குக் குறுக்காகச் சாய்த்து வளைத்து அமைத்தல் வேண்டும். நேராக இறங்குவது தவிர்க்க முடியாததாயின் கற்படிகளாக அமைக்க. ஒவ்வொரு படியும் பின்னோக்கிச் சிறிது சாய்ந்து, நீரைப் பக்கக் கானுக்கு அனுப்புதல் வேண்டும். படியின் முகப்பிலும் பக்கத்திலும் உள்ள இடுக்குகளில் பூண்டை நெருக்கமாக, நான்கு அங்குலத்திற்கு ஒன்றாக நடுக. கான் கட்டும் கல்வரம்புகளின் இடுக்குகளுக்கும் இம்முறை பொருந்தும். கல்வரம்பில் மரக்கன்று முளைத்தால் உடனே பிடுங்குக. அதன் வேர் தடித்துக் கல்லைப் பிளந்து வரம்பைச் சரித்துவிடும்.

நெல் வயலில்

வயல் வரம்பிற் கல் பாவுவது வழக்கமன்று, அவசியமுமன்று. ஆனால் மேல்வயலின் நீர் கீழ்வயலுக்கு விழும் வக்கடையில் மண் அரிபட்டு, ஆண்டுதோறும் வரம்பைத் திருத்தும் வேலை நேர்கிறது. அவ்விடத்து நான்கைந்து தட்டைக் கற்களைப் பதித்து, இடுக்குகளிற் பொடுதலையை நட்டால் அரிப்புக் குறையும். விதைப்பிற்கு இரு கிழமை முன்பே இதைச் செய்து வேர்பிடிக்க விடுதல் வேண்டும். பூண்டைக் குட்டையாகவே வைத்திருக்க. வரம்பிற் செடி அடர்ந்து உயர்ந்தால் எலி வளை தோண்டும். எலியினால் நெல்லுக்கு நட்டம் ஏற்படுவதன்றி, வயலில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சலும் வரக்கூடும்.

தவறு நேர்வது எதனால்

நட்டவை மடிந்தால் மனந்தளராது காரணத்தை ஆராய்தல் வேண்டும். கல் ஆடுகிறதா என்று முதலிற் பார்க்க. அடுத்து, இடுக்கின் மண் மேடாக நின்று மிதிபடுகிறதா என்று பார்க்க. இலை மஞ்சளாகித் தண்டு அழுகினால் நீர் வடிவதில்லை, அடித்தளத்தைத் திருத்துக. தண்டு நீண்டு இலை சிறுத்து வெளிறினால் நிழல் மிகுதி, வல்லாரைக்கு மாற்றுக. ஒரு பகுதி மாத்திரம் திரும்பத் திரும்பக் கருகினால், சவர்க்கார நீரோ உப்பு நீரோ அவ்விடத்தில் ஊற்றப்படுகிறதா என்று வீட்டாரிடம் விசாரிக்க. மிகப் பலர் நடக்கும் ஓரிடத்தில் எதுவும் வளராவிடில், அங்கு பூண்டை வற்புறுத்தாது பருமணலையும் சல்லியையும் நிரப்பிவிடுதலே முறை.

ஐயமுள்ளவர்கள் தங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி, அயலில் இயற்கையாக வளரும் பூண்டுகளுள் ஏற்றது எதுவெனக் கேட்டறியலாம்.

சுருக்கம்

கல்லை ஆடாது பதிக்க. இடுக்கை ஒன்றரை முதல் மூன்று அங்குலமாக விடுக. களை விதையற்ற கலவையை அரை அங்குலம் தாழ்வாக நிரப்புக. இடத்திற்கேற்ற பூண்டைத் தெரிக. பெருமழைக்கு முன் நட்டு, எட்டுக் கிழமை காக்க. களையைக் கையினாற் பிடுங்குக. கிணற்று மேடையை மாத்திரம் சீமெந்தாகவே விடுக.

முதலாம் மாரியில் இப்பாதை பெரிதாக எதையும் காட்டாது. இரண்டாம் மாரியில், அடைமழை விட்ட மறுநாட் காலை, அயல் ஒழுங்கையிற் செந்நிற வெள்ளம் ஓடும்பொழுது, இப்பாதையின் ஓரத்தில் வடியும் நீர் தெளிந்திருப்பதைக் கமக்காரன் காண்பான். அந்த நிறம் தன் தோட்டத்து மண்ணின் நிறம் என்பதை அறிந்தவனுக்கு, அத்தெளிவின் பெறுமதி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.